நாய்க்குட்டியை அடித்துப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவில் வீட்டுக்குள் சிறுநீர் கழித்த நாய்க்குட்டியை அடிப்பதும், அதன் மூக்கை ஈரத்தில் தேய்ப்பதும் கொடுமை. அடி வாங்கிய குட்டி அடக்கப் பழகாது. கட்டிலுக்கடியில் ஒளிந்து கழிக்கத்தான் பழகும்.

2 மாதக் குட்டியால் ஏறக்குறைய 3 மணி நேரமே அடக்க முடியும். இரவு உணவை 7 மணிக்குள் கொடுங்கள். 10.30 மணிக்கு வெளியே விட்டபின், 1.30க்கும் 4.30க்கும் அலாரம் வைத்து, அழுவதற்கு முன்பே தூக்கிச் செல்லுங்கள். நடக்கவிட்டால் வழியிலேயே போய்விடும். மங்கிய வெளிச்சம், தினமும் ஒரே இடம், விளையாட்டு கூடாது. முடித்த உடனே பாராட்டுங்கள். சில நாள் தரை ஈரமாகாவிட்டால் அலாரத்தைக் கால் மணி நேரம் தள்ளலாம்.

தடுப்பூசிகள் முடியும்வரை தெரு வேண்டாம். குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தெரு மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். மொட்டைமாடியில் ஒரு மண் தட்டு போதும். ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், குட்டி பழைய வாடையைத் தேடி அங்கேயே திரும்பும், நக்கினால் ஆபத்தும்கூட. வாடையைச் சிதைக்கும் என்சைம் (நொதி) கலந்த துப்புரவுத் திரவமே சரி.

வெயில் காலத்தில் தண்ணீரை நிறுத்தவே கூடாது. சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ, அது பழக்கக் கோளாறல்ல. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை