மணற்காட்டில் ஒரு காற்றுக் கூடாரம்

அன்புள்ள மச்சான்,

சித்திரையில் நீ எழுதியதற்கு ஆனி முடியப் பதில் எழுதுகிறேன். இந்நேரம் திட்டத் தொடங்கியிருப்பாய், திட்டி முடித்துவிட்டு வாசி. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால்தான். கிளாக்கர் போன கிழமை சந்தையில் கண்டு, வெள்ளைக் கோழிக் கணக்கை நீ வந்ததும் தீர்க்க வேண்டும் என்று மறுபடியும் சொன்னான். நான் ஒன்றும் பேசவில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓகஸ்டில் பிள்ளைகளோடு வரும்போது காற்றடிக்கிற கூடாரம் ஒன்று வாங்கி வரட்டா, மணற்காட்டுக் கடற்கரையில் ஒரு இரவு, நெடுந்தீவில் ஒரு இரவு படுக்கலாம் என்று எழுதியிருந்தாய். அப்போதே பதில் போட்டிருந்தால் "உனக்கென்ன விசரா" என்று ஒரு வரியோடு முடித்திருப்பேன். இப்போது அப்படி முடிக்க ஏலாது, ஏனென்றால் நானே அதற்குள் படுத்து எழும்பிவிட்டேன்.

அத்தான் நோர்வேயிலிருந்து வந்தபோது அப்படியொன்று கொண்டு வந்தார். ஆறு பேர் படுக்கிற கூடாரம். பையில் 24 கிலோ என்று போட்டிருந்தது. வாகனத்திலிருந்து அதை இறக்கியபோது, சந்தையில் வெங்காய மூட்டை தூக்குகிறவர்கள் மேல் எனக்குப் புது மரியாதை வந்தது. பருத்தித்துறையில் தட்டை வடை வாங்கிக்கொண்டு பின்னேரம் மணற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயில் இருக்கிறதே, அதைத் தாண்டிச் சவுக்கங்காட்டின் ஓரம். இடம் மாறவே இல்லை.

கம்பி ஒன்றும் கிடையாது. கம்பிக்குப் பதில் துணி உறைக்குள் மூன்று தடித்த குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு. கூட வருகிற காற்றுப் பம்மைக் கீழே அமத்தினாலும் காற்று உள்ளே போகும், மேலே இழுத்தாலும் போகும். அதிலுள்ள அமுக்க முள் 7 பிஎஸ்ஐயில் வந்து நின்றால் போதுமாம். நம்முடைய சைக்கிள் ரயருக்கே 40, 50 அடிக்கிறோம், இந்த 7 எந்த மூலைக்கு என்று நானும் நினைத்தேன். வாத்திக்கு அங்கேதான் அடி விழுந்தது. குழாய் பருக்கப் பருக்க அதை விறைப்பாக நிறுத்தக் குறைந்த அமுக்கமே போதும். எத்தனை வருஷமாகப் படிப்பிக்கிறேன், யோசிக்கவில்லை. கிடந்த துணி மெல்ல நெளிந்து, முதுகைத் தூக்கி, மாடு எழும்புகிற மாதிரி எழும்பியது. அத்தான் போனில் கதைத்துக்கொண்டு நின்றார். நான் ஒருவனே பன்னிரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். சாரணர் முகாமில் கம்பி மூட்டையைத் தொலைத்துவிட்டுப் பூவரசந்தடியோடு நீ நின்ற கோலம் நினைவுக்கு வந்தது. தனியாகச் சிரித்தேன், பிள்ளைகள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஆனால் அதோடு வந்த ஆணிகள் மணலில் நிற்கவே நிற்காது. காற்றுக் கூடாரமென்றாலும் கயிறு இழுத்துக் கட்டத்தானே வேண்டும். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு ஐயா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, உரப்பையில மண் நிரப்பித் தாட்டுப்போட்டு அதில கட்டுங்கோ" என்றார். அப்படிச் செய்தபிறகுதான் அசையாமல் நின்றது. நீ வந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

இரவு தென்மேற்குச் சோழகக் காற்றுப் பிடித்தது. இந்த மாதத்துச் சோழகம் எப்படியென்று லண்டனில் இருந்து மறந்திருப்பாய். கூடாரம் ஒரு பக்கம் சரிந்து குனியும், காற்று விட்டதும் நிமிரும். கம்பிக் கூடாரமாயிருந்தால் அந்தக் காற்றுக்கு ஒரு கம்பியாவது வளைந்திருக்கும், இல்லையென்றால் முறிந்திருக்கும். இதை மெச்சத்தான் வேண்டும். தரைத்துணியும் சேர்த்தே தைத்திருப்பதால் நண்டு, பூச்சி ஒன்றும் உள்ளே வராது.

விடியப் பார்த்தால் நடுக்குழாய் சோர்ந்து கூரை என் மூக்குக்கு மேல் தொங்குகிறது. மற்ற இரண்டும் தனித்தனி என்பதால் முழுதாக விழவில்லை. குழாய்களை ஒன்றோடொன்று தொடுத்து ஒரே வால்வில் காற்றடிக்கிற கூடாரங்களும் உண்டு. நடுவில் அடைப்பு இல்லாவிட்டால் ஒன்று போனால் எல்லாம் போகும். நான் உடனே இராவணன் மீசையைத் திட்டினேன். அந்தப் புல்லின் முள் எங்கள் காலில் ஏறாத இடமுண்டா? சரி, ஓட்டைதான் என்று முடிவு கட்டி, மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்தநாள் குழாயைக் கழற்றிச் சந்தியில் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் தண்ணீர்த் தொட்டியில் முழம் முழமாக அமத்திப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. கடைசியில் வால்வில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவினார். அங்கே கடுகளவு கடுகளவாகக் குமிழி வந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தால் றப்பர் வளையத்துக்குக் கீழே ஒரே ஒரு மணல். இரவு முழுக்க எங்கள் தலைக்கு மேல் கூரையை இறக்கியது அந்த ஒரு மணல்!

"நல்ல காலம் வாத்தி, ஓட்டையெண்டால் எங்கட ரியூப் ஒட்டுற சொலூசன் இதில பிடியாது" என்றார். உண்மைதான். இது ரியூப் றப்பர் இல்லை, வேறொரு பிளாஸ்டிக். அதற்கென்று தனி ஒட்டும் பசையும் வேண்டும். கம்பி முறிந்தால் மூங்கிலை வைத்துக் கட்டியாவது இரவைக் கடத்தலாம். நெடுந்தீவில் நின்றுகொண்டு இதற்குப் பசைக்கு எங்கே போவாய், அங்கே திரிகிற காட்டுக் குதிரைகளிடமா?

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். காயப்போடுவதற்காக முற்றத்தில் நிறுத்தினேன். காலையில் 7 வைத்தது, பகல் இரண்டு மணிக்குத் தட்டிப் பார்த்தால் மிருதங்கம். குழாய்க்குள் காற்று 25 பாகையிலிருந்து 55க்கு ஏறினால் அந்த 7 ஒன்பதைத் தாண்டும், நீயே கணக்குப் போட்டுப் பார். அதனால் வெயில் ஏற முந்திக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும், இரவில் குளிர்ந்ததும் திரும்ப அடிக்க வேண்டும். பகலில் உள்ளே இருக்கிற எண்ணம் வேண்டாம், இட்லிப் பானை. மடிப்பதைக் கேட்காதே. காற்றை வெளியேற்ற நானும் அத்தானும் அதன்மேல் உருண்டோம். ஒரு மணித்தியாலம் போனது. பிறகும் பைக்குள் போகவில்லை.

முற்றத்தில் நின்றபோது அம்மா வந்து சுற்றிப் பார்த்தா. விலை கேட்டா. சொன்னேன்.

"தொண்ணூற்றஞ்சில சண்டைக்கு இடம்பெயர்ந்து கொடிகாமத்தில ஒரு தறப்பாளுக்குக் கீழ மூண்டு குடும்பம் கிடந்தனாங்கள். இப்ப காசு குடுத்துக் கிடக்கிறியளோ?"

எனக்குப் பதில் வரவில்லை. மச்சான், உனக்கு மட்டும் சொல்கிறேன். மணற்காட்டில் அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. காற்றோ கூரையோ காரணமில்லை. துணி படபடவென்று அடிக்கிற சத்தம். கண்ணை மூடினால் அந்த இடப்பெயர்வில் கடந்த நாவற்குழிப் பாலம், மழை, உன் அப்பா தலையில் தூக்கிய தையல் மெசின். பிள்ளைகள் பக்கத்தில் ரோச் லைட்டைச் சுவரில் அடித்து முயல் காட்டிச் சிரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லவுமில்லை, சிரிப்பை நிறுத்தவுமில்லை. நீ படுக்கும்போதும் அந்தச் சத்தம் வரும். முதலே தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சரி, முடிவு கேட்டாயல்லவா. வாங்காதே. உன் பெட்டி ஒன்று 23 கிலோ, கூடாரமே அதை விழுங்கிவிடும், பிறகு பிள்ளைகள் உடுப்பில்லாமல்தான் வருவார்கள். வாகனம் பக்கத்தில் போகிற இடத்துக்கென்றால் இதைவிட லேசான வேலை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். குறிகாட்டுவான் இறங்குதுறையில் இறக்கி, படகில் ஏற்றி, அங்கே திரும்ப இறக்கி வெயிலில் சுமப்பதற்கு இது ஆகாது. நெடுந்தீவுக்கென்று மூன்று நாலு கிலோவில் கம்பிக் கூடாரம் ஒன்று கொண்டு வா, வலை யன்னல் பெரிதாக இருக்கட்டும். மணற்காட்டுக்கு அத்தானின் பூதம் இங்கேயே கிடக்கிறது, திருப்பிக் கொண்டுபோக அவருக்கும் மனமில்லை. ஒட்டுப் போடுகிற பசை மட்டும் அங்கே வாங்கு, அவர் கொண்டு வந்தது காய்ந்துபோயிற்று. கரண்ட் பம் வாங்கினால் பற்றரி உள்ளதைக் கைப்பையில் வை, பெட்டியில் போட்டால் மறிப்பார்கள்.

அப்புறம், அம்மா அன்றைக்குப் போகும்போது தையலை விரலால் தடவிப் பார்த்து, "ஒழுகாது போலதான் கிடக்கு" என்றா. நேற்றுக் கேட்கிறா, நீ வந்தபிறகு மாமரத்துக்குக் கீழே அதை அடித்தால் தானும் ஒரு இரவு படுக்கலாமோ என்று. கட்டிலோடுதானாம்.

திகதியைச் சீக்கிரம் எழுது.

உன்,
வாத்தி