மோந்தோவுக்கு ஒரு வரிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் பற்றி வந்த கட்டுரை, 1913 மே 29 அன்று பாரிஸில் அவர் இசையமைத்த ‘வசந்தத்தின் சடங்கு’ என்ற பாலே நடனம் அரங்கேறியபோது பார்வையாளர்களிடையே எழுந்த கூச்சலுக்கு ஒரு பக்கம் முழுவதையும் கொடுத்துவிட்டு, இசைக்குழுவை நடத்திய பியேர் மோந்தோவை ஒரே வரியில் கடந்துபோனது என் மனத்தைப் புண்படுத்தியது. ஆடியவர்களுக்கு இசையே கேட்காமல், நடனத்தை அமைத்த நிஜின்ஸ்கி பக்கத்திரைக்குப் பின்னால் நாற்காலிமேல் ஏறித் தாளக்கணக்கைக் கத்திக்கொண்டிருந்த அந்த இரவில், இசையைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தவர் மோந்தோ. அவர் அதை எப்படிச் செய்தார் என்பது தமக்கு இன்னமும் நம்ப முடியாததாகவே இருக்கிறது என்று ஸ்ட்ராவின்ஸ்கியே பிற்காலத்தில் எழுதினார். 1914 ஏப்ரலில் அதே பாரிஸில் அதே மோந்தோ அந்த இசையை நடனமின்றிக் கச்சேரியாக நடத்தியபோது, ரசிகர்கள் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். கலவரத்தை விரிவாக எழுதியவர் இதை ஏன் விட்டுவிட்டார்?

தங்கள் இதழில் மேலை இசை பற்றி எது வந்தாலும் புகழ்மாலை இசையமைப்பாளருக்கே விழுகிறது. நடத்துபவரும் வாசிப்பவர்களும் படத்தில் மட்டும் இருக்கிறார்கள். முன்பொரு முறை, வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வயோலாவை வாசிக்கும் கலைஞர்களின் படத்துக்கு ‘வயலின் கலைஞர்கள்’ என்று போட்டிருந்தீர்கள். அதைச் சுட்டி நான் எழுதிய கடிதம் வெளிவரவேயில்லை.

சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் பல ஆண்டுகள் வயோலா வாசித்தவன் நான். ஒருமுறை, வெளியூரிலிருந்து வந்த நடத்துநர் ஒருவர் ஒத்திகையைப் பாதியில் நிறுத்தி, எங்கள் வரிசையில் இருவருடைய வில் மேலேறும் இடத்தில் மற்றவர்களுடைய வில் கீழிறங்குவதைக் காட்டித் திருத்தினார். மறுபடி வாசித்தபோது அதே பகுதி ஒரே மூச்சாக ஒலித்தது. நடத்துபவரின் உழைப்பு கேட்பவர் கண்ணில் படுவதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. மோந்தோவும் வயோலாக்காரர்தான், 1902இல் டெபுஸ்ஸியின் ‘பெலேயாஸும் மெலிசாந்தும்’ என்ற இசைநாடகம் முதன்முதலில் அரங்கேறியபோது வாசித்தவர்களில் ஒருவர். ராவெலின் ‘டாஃப்னிஸும் குளோயேயும்’ என்ற பாலே இசை 1912இல் முதலில் ஒலித்தது அவர் நடத்தித்தான். பாஸ்டன், ஆம்ஸ்டர்டாம், சான் பிரான்சிஸ்கோ என்று குழுக்களை வளர்த்தவர், 86 வயதில் லண்டன் சிம்பொனி குழுவின் தலைமையை ஏற்றபோது 25 ஆண்டு ஒப்பந்தம் கேட்டு வாங்கினார். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், ஹான்காக் என்ற சிற்றூரில், இசைக்குழு நடத்துவதைக் கற்பிக்க அவர் வைத்திருந்த பள்ளியில் ஆந்த்ரே பிரெவின், நெவில் மாரினர் போன்ற பெயர்பெற்ற நடத்துநர்கள் பயின்றார்கள். 1964இல் அவர் காலமானதும் அவ்வூரில்தான். இத்தனை வாழ்க்கைக்கும் தங்கள் கட்டுரையில் இடமில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் மோந்தோவைப் பற்றி நான்கு வரிக் குறிப்பு ஒன்று வெளியிடுங்கள். இடமில்லையென்றால், 1914 ஏப்ரல் கச்சேரியைப் பற்றிய செய்தியையாவது விடாமல் சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயோலாக் கலைஞர்,
சென்னை.