பிளாஸ்டிக் மாதிரி வடிவங்கள் செய்வோர் சங்கம்: செயலாளர் அறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராதவர்களே (அவர்களுக்கு நகல் போகும்), வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பள்ளி மாணவர்களுக்கான கண்காட்சி நடந்தது. தீபாவளிச் சந்திப்பு மழையால் கைவிடப்பட்டது.

இவ்வாண்டு உருப்படியாக நடந்தது என்றால் அது நான் ஏற்பாடு செய்த பட்டி பார்க்கும் பயிற்சிதான். மாதிரியின் பாகங்களை ஒட்டிய இடத்தில் விழும் இடுக்கைப் பட்டி வைத்து அடைக்காமல், பெயின்ட் அடித்தாலே மறைந்துவிடும் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறார்கள். மறையாது, பிரைமர் பட்டதும்தான் பளிச்சென்று தெரியும். 1/72 அளவு விமானத்தில் அரை மில்லிமீட்டர் இடுக்கு என்பது நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர். விரலே உள்ளே போகும். அப்படியொரு மிக்-21 போர் விமானம் நம் கண்காட்சி மேசையில் நின்றது; யாருடையது என்று சொல்லமாட்டேன்.

பெரிய இடுக்குக்கு ஹார்டுவேர் கடை எம்-சீல் போதும். அதில் வரும் இரண்டு பகுதிகளையும் சமமாகப் பிசைந்து, ஈர விரலால் தடவிவிட வேண்டும், காய்ந்தாலும் சுருங்காது. மயிரிழை இடுக்குக்கு டியூப் பட்டி. அது காயக் காயச் சுருங்கும் என்பதால் ஒரேயடியாக அப்பாமல், மெல்லிசாக இரண்டு கை. இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பேனல் கோடுகள் (விமானத் தகடுகள் சேரும் இடத்துக் கோடுகள்) பிழைக்கும். ஃபெவிக்விக் வைப்பவர்கள் அன்றே தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது இறுகிவிடும், உப்புத்தாள் பக்கத்துப் பிளாஸ்டிக்கைத்தான் தின்னும். 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 1000 வரை, தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும். தேய்ப்பது ரெசின் பாகம் என்றால் முகமூடி கட்டாயம்.

இவ்வளவையும் காலி நாற்காலிகளுக்குத்தான் சொன்னேன். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) வகுப்பன்று மட்டும் நிற்க இடமில்லை. அன்று வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சந்தா பாக்கி. சங்கத்தின் பட்டி டியூபை மூடாமல் போட்டுக் காயவிட்டவர் பாக்கியோடு ஒரு டியூபும் வாங்கித் தரலாம்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக உள்ளன, விவரம் பொருளாளரிடம். சிறு பற்றாக்குறையை ஒருவர் கைப்பணத்தில் ஈடுகட்டியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

மாடி அறையைத் தந்த உறுப்பினர் வீட்டாருக்கும், தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கியை 1/35 அளவில் கூட்டாகச் செய்ய எண்ணம். பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிச் செய்வதால் இடுக்குக்குப் பஞ்சமிராது. பட்டிக்குப் பணம் வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்பதானால் அலமாரிச் சாவியை இன்றே தந்துவிடுகிறேன். யாரும் கை தூக்காவிட்டால், சந்தா ரசீதுப் புத்தகம் வாசலருகே மேசையில் இருக்கிறது.

செயலாளர்