அந்நிய பாஷை வராத பிள்ளைக்காக ஒரு மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும் ஜெபக்குழுத் தலைவர்களுக்கும், ஸ்தோத்திரம்.

போன மாதம் ஒரு காத்திருப்புக் கூட்டத்தில், அதாவது பரிசுத்த ஆவியால் கற்காத மொழியில் பேசும் அந்நிய பாஷை வரத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் கூட்டத்தில், என் அக்காள் மகளை முன்னால் அழைத்து முழங்காலில் நிற்க வைத்தார்கள். வயது 15. தலையில் கை வைத்து, 'அல்லேலூயா'வை வேகமாகச் சொல், இன்னும் வேகமாகச் சொல் என்றார்கள். நாக்கு குழறினால் அதுதான் பாஷையாம். முக்கால் மணி நேரத்தில் தொண்டை கட்டிப்போனது, அவ்வளவுதான். "உள்ளே ஏதோ தடை இருக்கு. உன் இரட்சிப்பைச் சோதிச்சுப் பார்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி அவள் என்னிடம் கேட்டாள்: "சித்தி, அப்போ நான் இன்னும் இரட்சிக்கப்படலையா?"

நான் பாஷை பேசுகிறவர்களைக் கேலி செய்கிறவள் இல்லை. என் அம்மா பேசுவார். கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் கேட்காமல். என் வழக்கு வரத்தோடு அல்ல, அதை இரட்சிப்புக்கு அளவுகோலாக்குவதோடு.

சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் என்ன வரம் இருந்தது? ஞானஸ்நானம்கூட இல்லை. அன்றைக்கே பரதீசு கிடைத்தது. மறுபக்கம், உமது நாமத்தில் தீர்க்கதரிசனம் சொன்னோமே, பிசாசுகளைத் துரத்தினோமே என்று வருகிறவர்களிடம் ஆண்டவர், "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்கிறார் (மத்தேயு 7). வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்க அனுப்பப்பட்ட 12 பேரில், பின்னால் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் ஒருவன். வரமில்லாமல் இரட்சிப்பு உண்டு, இரட்சிப்பில்லாமல் வரமும் இருந்துவிடலாம். அப்புறம் ஒன்றை வைத்து மற்றதை எப்படி அளப்பது?

பேதுருவின் பிரசங்கத்தைக் கேட்டு, ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் வீட்டில் பாஷை பேசினார்களே என்பீர்கள். சரி, பேசினார்கள். பவுலையும் சீலாவையும் காவல் வைத்திருந்த பிலிப்பி சிறைச்சாலைக்காரன்? விசுவாசித்த அந்த இராத்திரியில் அவன் பாஷை பேசியதாக லூக்கா எழுதவில்லை. பவுல், சீலாவின் காயங்களைக் கழுவினான், வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வைத்தான் என்றுதான் எழுதியிருக்கிறார். "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுலே கேட்கிறார். இல்லை என்பதுதான் அவர் எதிர்பார்க்கிற பதில்.

கிரேக்கத்தில் கிருபைக்கு 'காரிஸ்', வரத்துக்கு 'காரிஸ்மா'. ரோமர் 6:23-இல் நித்திய ஜீவனுக்கே பவுல் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார். நம் வேதாகமத்தில் அது 'கிருபைவரம்'. இரட்சிப்பு, வரம் இரண்டுமே சும்மா வாங்கிக்கொண்டவை. சும்மா வாங்கினதை வைத்து ஒருவர் மேல், இன்னொருவர் கீழ் என்று எப்படி வரிசைப்படுத்துகிறோமோ தெரியவில்லை.

கொரிந்து சபைக்கு இந்த நோய் முற்றியிருந்தது. ஒரு வரத்திலும் குறைவில்லாத சபை என்று கடிதத்தின் முதல் அதிகாரமே சொல்கிறது. அதே சபையின் பந்தியில் ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறித்திருந்தான் (11:21). பக்கத்து இலையைப் பார்க்காத வரம்! அதனால்தான், சபையில் பாஷையில் பதினாயிரம் வார்த்தை பேசுவதைவிட மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி ஐந்து வார்த்தை பேசுவதே எனக்குப் பிடிக்கும் என்றார் பவுல்.

அந்த ஐந்து வார்த்தை என் அக்காள் மகளிடம் இருக்கிறது. கண் மங்கிப்போன ஒரு பாட்டிக்கு ஆராதனை முடிந்ததும் சங்கீதம் வாசித்துக் காட்டுகிறாள். பாட்டி பாதியில் தூங்கிவிட்டால் விட்ட இடத்தில் ஒரு நூலிழையை வைத்து மூடுவாள், அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்குவாள். பிறகு கூடத்திலுள்ள நாற்காலிகளையெல்லாம் அடுக்குவாள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. இரக்கஞ்செய்கிறவன் உற்சாகத்துடனே செய்யக்கடவன் என்று ரோமர் 12-இல் வரங்களின் வரிசையிலேயே வருகிறதே, அது இதுதான் என்று நினைக்கிறேன். இதை மேடைக்கு அழைத்துக் காட்ட முடியாது, அதுதான் சிக்கல்.

அவளிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கள். விசுவாசித்தவள் இரட்சிக்கப்பட்டவள் என்று, முன்பு சொன்ன அதே மைக்கில் சொன்னால் இன்னும் நல்லது. அடுத்த கூட்டத்துக்கும் அவள் வருவாள். முழங்காலில் நிறுத்தாதீர்கள். முடிந்தபின் நாற்காலி அடுக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
அவளுடைய சித்தி