கடலோரத்தில் பழகியவனுக்கு மேட்டுநில ஓடுபாதை

அன்புள்ள நண்பா,

விமானம் ஓட்டும் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டதாமே, ரொம்ப சந்தோஷம். குறைந்தது 40 மணி நேரம் பறந்தால் போதும் என்று நம்பிச் சேர்ந்தவனை மூடுபனியும் தாழ்ந்த மேகமும் மாதக்கணக்கில் இழுத்தடித்ததாகப் புலம்பியிருக்கிறாய். அதற்கு மட்டும் நான் அனுதாபப்பட மாட்டேன். மத்தியானக் கடற்காற்று குறுக்கே அடிக்கும்போது, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரட்டரை (மூக்கைத் திருப்பும் வால் பலகையை) மிதித்து இறங்குகிறாயே, அது எனக்கு லேசில் வரவில்லை. நான் கற்றுக்கொண்ட இடம் வறண்ட பூமி, வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். சீக்கிரம் முடித்தேன். ஆனால் மேகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் கணிக்க லைசென்ஸுக்குப் பிறகுதான் பழகினேன். எரிபொருளையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் பனி உறைவதெல்லாம் எனக்கு வெறும் பரீட்சைக் கேள்வி. உன் ஈரக்காற்றிலோ 20 டிகிரி வெப்பத்திலும் உறையும்.

வேலை மாற்றலாகிப் போகிற ஊரில் ஓடுபாதை 5,000 அடி உயரத்தில் இருக்கிறது, போனதும் விமானத்தை வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். உடனே தனியாக வேண்டாம்.

அந்த உயரத்துக்கு விமானிகளின் நிலையான கணக்குப்படி வெப்பநிலை 5 டிகிரி. மத்தியானம் 30 டிகிரி வெயில் அடித்தால் காற்று அடர்த்தி குறைந்து, விமானம் ஏறத்தாழ 8,000 அடியில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். எஞ்சின் இழுக்காது, ப்ரொப்பெல்லருக்குப் பிடி கிடைக்காது, ஓடுபாதை மட்டும் மளமளவென்று தீரும். கடலோரத்தில் மிக்ஸ்சர் குமிழை (காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் சிவப்புக் குமிழை) முழுக்க உள்ளே தள்ளித்தான் கிளம்பியிருப்பாய். அங்கே அப்படிச் செய்தால் எரிபொருள் அதிகமாகி, இருக்கிற சக்தியும் குறையும். விமானத்தின் கையேடு சொல்கிறபடி, கிளம்பும் முன்பே அந்தச் சிவப்புக் குமிழை தேவையான அளவு வெளியே இழுத்துச் சரிப்படுத்த வேண்டும்.

இறங்கும்போது கண் ஏமாற்றும். வேகமானி முள் வழக்கம்போல் 65 நாட்தான் (மணிக்கு 65 கடல் மைல்) காட்டும். காற்று அடர்த்தி குறைவாக இருப்பதால், உண்மையில் 73 நாட் அளவில் போவாய். தரை ஓடுகிற வேகத்தைப் பார்த்து, வேகத்தைக் குறைக்க விமானத்தின் மூக்கைத் தூக்கத் தோன்றும். தூக்காதே, முள்ளை நம்பு.

முதலில் அந்த ஊர்ப் பயிற்றுநர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு காலையில் ஒரு தடவை, வெயில் ஏறியபின் ஒரு தடவை பற. (வெயிலில் குலுங்கும் குலுக்கலில் காலைச் சாப்பாடு நினைவுக்கு வரும்!) என்ன விமானம், ஓடுபாதை எத்தனை அடி நீளம் என்று எழுது. கிளம்ப எத்தனை அடி ஓட வேண்டும் என்று சொல்லும் டேக்-ஆஃப் அட்டவணையைச் சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்