குளிர்கால வெயிலுக்குக் கோடைக்காலத் திட்டம்: துபாய் விடுமுறை குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
சொகுசுப் பயணத் திட்டப் பிரிவு.

பொருள்: டிசம்பர் மாத துபாய் விடுமுறைத் திட்டத்தில் நேர்ந்த குறைபாடுகளுக்காகக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த டிசம்பர் இறுதியில் நானும் என் மனைவியும் துபாயில் கழித்த விடுமுறையைத் தங்கள் நிறுவனமே, தனியாகத் திட்டமிடல் கட்டணம் பெற்றுக்கொண்டு, வகுத்துத் தந்தது. வெயில் காய்வதற்காகவே வருகிறோம், காலையிலிருந்தே வெயில் விழும் பால்கனியுள்ள அறை வேண்டும், மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தேன். அந்த ஒன்றுதான் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தாங்கள் பரிந்துரைத்தது ஜுமேரா கடற்கரையை ஒட்டிய ஐந்து நட்சத்திர விடுதியில் கடலை நேராகப் பார்க்கும் அறை. நகரத்தைப் பார்க்கும் அறையைவிட ஓர் இரவுக்கு 450 திர்ஹாம் கூடுதல் என்றாலும், தங்கள் பேச்சை நம்பி அதையே எடுத்துக்கொண்டோம். துபாயின் அந்தக் கரை வடமேற்கு நோக்கியது. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து, நண்பகலிலும் தென்வானில் ஏறத்தாழ 41 டிகிரி உயரத்தைத்தான் எட்டும் என்பதால், கடலைப் பார்க்கும் பக்கத்துக்கு விடுதிக் கட்டடமே குறுக்கே நின்று வெயிலை மறைத்துவிடுகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் எங்கள் பால்கனியில் வெயில் எட்டிப் பார்த்தது. ஐந்தரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிட்டது. காலை பதினொரு மணிக்கு என் மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு பால்கனியில் காபி குடித்தார். மலிவான அறைகள் இருந்த மறுபக்கத்திலோ விருந்தினர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து சாய்ந்திருந்தார்கள்.

கட்டடத்தின் காலடியில் இருந்த நீச்சல்குளத்திலும் இதே கதைதான். நிழல் நகர நகரப் பணியாளர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து இழுத்துப் போட்டார்கள். வெயில் விழுந்த ஒரே மூலையைப் பிடிக்க விருந்தினர்கள் விடிந்ததும் துண்டு விரித்து வைத்தார்கள். ஐந்து நட்சத்திர விடுதியில் துண்டு போட்டு இடம்பிடிக்கும் போட்டியில் சேர எங்களுக்கு மனம் வரவில்லை.

இது குறித்து நான் அனுப்பிய செய்திக்கு, வானிலை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று தங்கள் அலுவலர் பதில் எழுதினார். வானிலை பற்றி எங்களுக்குப் புகாரே இல்லை. வானம் தெளிவாக இருந்தது, பகல் வெப்பமும் 24, 25 டிகிரியென இதமாகவே இருந்தது. சூரியன் எந்தத் திசையில் எந்த நேரத்தில் நிற்கும் என்பது வானிலை அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லக்கூடியது. அதைப் பார்த்து அறையைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் திட்டமிடல் கட்டணம் என்று நான் எண்ணியிருந்தேன்.

மற்ற ஏற்பாடுகளைப் பார்க்கும்போது, கோடைக்காலத்துக்கென எழுதிய திட்டத்தில் தேதியை மட்டும் மாற்றி எங்களிடம் தந்திருப்பீர்களோ என்ற ஐயம் வலுக்கிறது. பாலைவனச் சூரிய அஸ்தமனத்தைக் காண்பதற்கென அமர்த்திய வண்டி மாலை நாலே முக்காலுக்குத்தான் விடுதி வாசலுக்கு வந்தது. ஜூன் மாதமாக இருந்தால், ஏழு மணிக்கு மேல் மறையும் சூரியனுக்கு அது பொருத்தமான நேரம்தான். நாங்கள் துபாய் பாலைவனப் பாதுகாப்புச் சரகத்தை அடைந்தபோது இருட்டிவிட்டது. அந்த இடத்தின் சிறப்பான அரேபிய ஓரிக்ஸ் மான்களை வண்டியின் முகப்பு விளக்கொளியில் நிழலுருவாகத்தான் பார்த்தோம். பருத்தி உடை போதும் என்று தங்கள் குறிப்பு சொன்னது. குளிர்கால இரவில் மணல் எவ்வளவு விரைவாகச் சூட்டை இழக்கும் என்பதை, முகாம் ஊழியர் தாமாகவே கொண்டுவந்து கொடுத்த கம்பளிக்குள் உட்கார்ந்து தெரிந்துகொண்டோம். அவருக்கு எங்கள் நன்றி. புர்ஜ் கலீஃபாவின் 124ஆம் தளத்துக்கு அஸ்தமன நேரத்துக்கான கூடுதல் விலை என்று தாங்கள் வசூலித்த சீட்டில் இருந்த நேரமோ மாலை ஆறரை. மேலே போனபோது நகரின் விளக்குகள் அழகாகத்தான் இருந்தன. நாங்கள் பணம் கொடுத்தது அதற்கல்ல.

இன்னொன்று, கட்டண விவரம். அனைத்தும் உட்பட என்று தாங்கள் எழுத்தில் தந்த விலைக்கு மேல், சேவைக் கட்டணம், நகராட்சிக் கட்டணம், 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி, இரவுக்கு 20 திர்ஹாம் வீதம் சுற்றுலாக் கட்டணம் எல்லாம் விடுதியில் தனியே கேட்கப்பட்டன. இவை துபாயில் வழக்கமானவை என்பதால் விடுதியின் மீது குறையில்லை. அனைத்தும் என்று எழுதியவர்கள் தாங்கள்.

ஆகவே, திட்டமிடல் கட்டணம் முழுவதையும், கடல் நோக்கிய அறைக்காகப் பெற்ற கூடுதல் தொகையையும், புர்ஜ் கலீஃபா நுழைவுச்சீட்டின் விலை வேறுபாட்டையும், விடுதியில் நாங்கள் தனியே செலுத்திய கட்டணங்களையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிச் சீட்டு எதையும் இதற்கு ஈடாக ஏற்க இயலாது. உரிய பதில் வராவிட்டால், தங்களுக்கு உரிமம் வழங்கியுள்ள துபாய்ப் பொருளாதார, சுற்றுலாத் துறையிடம் முறையிடுவேன். நம்மிடையே நடந்த மின்னஞ்சல்கள், விடுதி ரசீது, நுழைவுச்சீட்டு, நேரம் பதிவான பால்கனிப் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்