பெட்ரோல் பங்குகளில் கேனைத் தரையில் இறக்கி வைத்தே நிரப்ப உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
முந்திரி விவசாயிகள்,
காடாம்புலியூர் சுற்றுவட்டாரம்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: பெட்ரோல் பங்குகளில் கேனை வண்டி மேல் வைத்தே நிரப்புதல் – நிலைமின்சாரத்தால் தீ ஆபத்து – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். முந்திரி பூவெடுக்கும் தை, மாசியில் எங்கள் பக்கம் பவர் ஸ்பிரேயர் சத்தம் ஓயாது. அதற்கும், மரம் அறுக்கும் மெஷினுக்கும் பெட்ரோல்தான். மெஷினைத் தூக்கிக்கொண்டு பங்குக்குப் போக முடியாது. கேனில்தான் வாங்கியாக வேண்டும்.

வாங்கும் விதம்தான் பயமாக இருக்கிறது. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்து ரப்பர் மேட்டின் மேல் தகரக் கேன். ஓட்டி வந்தவர் இறங்குவதில்லை, முழங்கால்களுக்கு நடுவே கேனை அணைத்துக்கொள்கிறார். ஊழியர் நாசிலை ஒரு சாண் மேலே பிடித்து முழு வேகத்தில் அடிக்கிறார். பின்னால் ஹாரன் சத்தம். குட்டி யானை எனப்படும் மினி லாரியில் வருபவர்கள் ரப்பர் ஷீட்டின் மேலும், காரில் வருபவர்கள் டிக்கி கார்ப்பெட்டின் மேலும் வைத்தபடியே நிரப்பிக்கொள்கிறார்கள். புகைக்காதே, செல்போன் பேசாதே என்று போர்டு உண்டு. இதற்கு இல்லை.

பெட்ரோல் குழாயில் வேகமாக ஓடும்போதே மின்னேற்றம் உண்டாகிறது. கேன் தரையில் இருந்தால் அது மண்ணுக்கு இறங்கிவிடும். அடியில் ரப்பரோ கார்ப்பெட்டோ இருந்தால் இறங்க வழியின்றிக் கேனிலேயே தேங்கும். எர்த் ஆகியிருக்கும் நாசில் கேனின் வாயருகே வரும்போது பொறி தட்டலாம். ஆவி கிளம்புவதும் அதே வாயில்தான். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே பற்றும் அளவுக்கு ஆவி விடுகிற பொருள் பெட்ரோல். நம் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். கடலோரக் காற்றில் ஈரம் இருக்கிறதே, பொறி வராது என்பார்கள். குழாய்க்குள் பெட்ரோலில் ஏறும் மின்னேற்றத்தை வெளிக்காற்றின் ஈரம் தடுத்துவிடாது. அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கேனை வைத்து நிரப்பியபோது நடந்த தீ விபத்துகளை வைத்து, அந்நாட்டின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998-லேயே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது.

1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால் இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலத்தில் வைக்க வேண்டும். முதல் இரண்டும் 1 லிட்டருக்கும், உலோகம் 25 லிட்டருக்கும் மேற்படக் கூடாது. பலர் பெட்ரோல் பிடிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அதே சமயம், சட்டத்தை மதித்து உலோகக் கேன் கொண்டுவருபவர் அதை ரப்பர் மேட்டின் மேல் வைத்தால் பொறிக்கான வாய்ப்பு கூடத்தான் செய்யும். உலோகக் கேன், தரை இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

கேனில் தருவதையே நிறுத்திவிட வேண்டாம் என்று தாழ்மையுடன் வேண்டுகிறோம். நிறுத்தினால் பைக் டேங்கில் டியூப் விட்டு வாயால் உறிஞ்சுவார்கள். தானே புயலுக்குப் பின் மரம் அறுக்கவும் ஜெனரேட்டர் ஓட்டவும் கேனோடு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அந்தத் தேவை மறுபடியும் வரும்.

பங்குகளுக்குத் தடையின்மைச் சான்று தங்கள் அலுவலகம் வழியாகவே வழங்கப்படுவதால் தங்களிடம் வந்துள்ளோம். கேன் நிரப்ப ஒவ்வொரு பங்கிலும் தரையில் தனி இடம் ஒதுக்கி, ‘கேனைத் தரையில் வை, நாசில் கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும், மெதுவாக நிரப்பு, விளிம்பு வரை நிரப்பாதே’ என்று தமிழில் பெரிய எழுத்தில் போர்டு வைக்கவும், ஊழியர்களுக்கு இதைச் செய்து காட்டவும் எண்ணெய் நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டுகிறோம். மாவட்ட வழங்கல் அலுவலர் பங்குகளுக்கு ஆய்வுக்குப் போகும்போது இதையும் பார்க்கலாம். வேளாண் பொறியியல் துறை மானியத்தில் தரும் மெஷின்களோடு ஓர் உலோகக் கேனும் சேர்த்துத் தந்தால் பாட்டில் பழக்கம் குறையும். விலை குறைவு என்று புதுச்சேரியைச் சேர்ந்த கன்னியக்கோயில் பக்கம் போய்க் கேனில் பிடித்து வருபவர்களும் நம் மாவட்டத்தவர்களே. எனவே புதுச்சேரி ஆட்சியருக்கும் தாங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டுகிறோம்.

அடுத்த பூவெடுப்புக்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முந்திரி விவசாயிகள்

இடம்: காடாம்புலியூர்
இணைப்பு: கையொப்பப் பட்டியல்